ஐஎஸ்பிகான்ஃபிக் பேனல், செல்ஃப் சைன்ட் சான்றிதழ்: நான்கு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு மாவட்டத்துக்குள் சின்னக் கடைகள், ஒரு அச்சகம், ரப்பர் வியாபாரிகள், இரண்டு பள்ளி அலுவலகம் என்று ஒரு இருபது பேருக்கு வெப்சைட்டும் மெயிலும் பார்த்துக் கொடுக்கிறேன். 2021ல் இருந்து எல்லாம் ஐஎஸ்பிகான்ஃபிக் என்ற இலவசக் கன்ட்ரோல் பேனலில்தான், அதாவது சர்வரை பிரவுசரிலிருந்தே நிர்வகிக்க உதவும் மென்பொருளில்தான், ஓடுகிறது. அது தானே உண்டாக்கித் தரும் செல்ஃப் சைன்ட் சான்றிதழை, அதாவது வெளி நிறுவனம் எதுவும் உறுதி தராமல் சர்வர் தனக்குத் தானே கையெழுத்திட்டுக்கொண்ட அடையாளச் சான்றை, மட்டும் வைத்துப் பேனலையும் மெயில் சர்வரையும் ஒன்றரை வருடம் நடத்தினேன். பிறகு மெயிலை மாற்றிவிட்டேன், பேனலை மட்டும் வேண்டுமென்றே அப்படியே விட்டிருக்கிறேன். இதே வேலை செய்கிற சிலர் ஏன் என்று கேட்டார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். பேனலுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. செல்ஃப் சைன்டுக்கு ஒரே மதிப்பெண்ணாகக் கொடுக்க முடியவில்லை, எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது ஐந்தும் ஆகும், பூஜ்யமும் ஆகும்.

முதலில் பேனலைச் சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்பிகான்ஃபிக் ஜெர்மனியில் உருவானது, பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கிறது, டெபியன் அல்லது உபுண்டு போட்ட சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். 2019ல் சிபேனல் என்ற காசு கொடுத்து வாங்கும் பேனல் தன் கட்டணத்தைக் கணக்கு எண்ணிக்கையின்படி மாற்றியபோது என்னைப் போலச் சிறிய அளவில் ஓட்டுகிறவர்கள் பலரும் இலவசமான வேறு வழிகளைத் தேட ஆரம்பித்தார்கள், நான் கண்டுபிடித்தது இதை. வெப்சைட், டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவு), மெயில் பெட்டி, எஃப்டிபி, டேட்டாபேஸ் எல்லாம் ஒரே இடத்தில். மெயிலுக்கு உள்ளே ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும், வெப்மெயிலுக்கு ரவுண்ட்கியூப். தோற்றம் கொஞ்சம் பழைய காலத்துத் தோற்றம்தான், அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. ஒன்று மட்டும் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: பேனலில் ஒரு மாற்றத்தைச் சேமித்தவுடன் அது நடந்துவிடாது, நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் வேலை வந்து எடுத்துக்கொண்டு போய்த்தான் செய்யும். அது தெரியாமல் மெயில் பெட்டியை உருவாக்கின கையோடு திறந்து பார்த்து, வரவில்லையே என்று திரும்பத் திரும்ப உருவாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஒரு நிமிடம் பொறுத்தால் போதும்.

சரி, சான்றிதழுக்கு வருகிறேன். 3.2 பதிப்பிலிருந்து ஐஎஸ்பிகான்ஃபிக் நிறுவும்போதே லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற பொதுச் சான்றிதழ் நிறுவனத்திடம் இலவசச் சான்றிதழ் கேட்டுப் பார்க்கும். கிடைக்காவிட்டால் தானே ஒரு செல்ஃப் சைன்ட் சான்றிதழை உண்டாக்கி வேலையைத் தொடரும். நான் சர்வரை வாங்கின அன்றே ராத்திரி உட்கார்ந்து நிறுவினேன், சர்வரின் பெயருக்கு டிஎன்எஸ் பதிவு இன்னும் போடவே இல்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் அந்தப் பெயரைத் தேடி வந்து பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காதல்லவா, அதனால் தரவில்லை, செல்ஃப் சைன்டுக்குப் போய்விட்டது. பேனல் 8080 போர்ட்டில் எச்டிடிபிஎஸ்ஸோடு திறந்தது, எனக்கும் அன்றைக்கு அது போதுமாக இருந்தது. இந்த நிலையில் இருப்பவர்களுக்குத் தீர்வு எளிது: டிஎன்எஸ் பதிவைப் போட்டு, பெயர் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துவிட்டு, பேனலின் அப்டேட் ஸ்கிரிப்டை ஃபோர்ஸ் என்று சேர்த்து மறுபடி ஓட்டினால், புதிய சான்றிதழ் உண்டாக்கவா என்று ஒரு கேள்வி வரும். வழக்கமாக இல்லை என்றே விட்டுவிடுவோம், அங்கே மட்டும் ஆம் என்று சொல்ல வேண்டும்.

செல்ஃப் சைன்ட் உண்டாக்கும்போது வரும் கேள்விகளில் ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். நாடு, மாநிலம், ஊர், நிறுவனம் என்று, சான்றிதழை உண்டாக்கும் கருவியான ஓப்பன்எஸ்எஸ்எல் வரிசையாகக் கேட்கும், அதிலெல்லாம் என்ன போட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. கடைசிக்குச் சற்று முன்னால் காமன் நேம் என்று ஒன்று வரும், அதன் பக்கத்திலேயே சர்வரின் முழுப் பெயர் அல்லது யுவர் நேம் என்று எழுதியிருக்கும். என்னிடம் வேலை பழக வந்த தம்பி அதைப் படித்துவிட்டுத் தன் பெயரை, இனிஷியலோடு, அழகாகத் தட்டிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, உன் பெயர் என்று கேட்டால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் பிரவுசரோ மெயில் ஆப்போ ஒப்பிடுவது தாங்கள் போய்ச் சேர நினைத்த சர்வரின் பெயரைத்தான். அதுவும் இப்போது காமன் நேம் மட்டும் இருந்தால் போதாது, குரோம் 2017ல் வந்த 58ஆம் பதிப்பிலிருந்து அதைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது. சப்ஜெக்ட் ஆல்டர்னேடிவ் நேம் என்ற பகுதியில் பெயர் இருக்க வேண்டும். பழைய பாடக் குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், எல்லாம் சரியாகச் செய்தும் பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது என்பார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 முதல் அதை ஒரே கட்டளையில் சேர்த்துவிடலாம், தனியாகக் கான்ஃபிக் கோப்பு எழுத வேண்டியதில்லை.

செல்ஃப் சைன்ட் என்றால் பாதுகாப்புக் குறைவு என்று பலரும் சொல்கிறார்கள், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். குலசேகரத்தில் ஒருவர் ரப்பர் ஷீட்டைக் கொண்டுவந்து போட்டு இது ஆர்எஸ்எஸ் நாலு, அதாவது புகையிட்ட ஷீட்டில் நாலாம் தரம், என்கிறார். ஷீட் நாலாம் தரமாகவே இருக்கலாம், நன்றாகப் புகை பிடித்து, பூசணம் இல்லாமல், தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிகிற மாதிரி. ஆனால் அதைச் சொல்வது விற்கிறவரே. இருபது வருடமாகத் தெரிந்தவர் என்றால் கடைக்காரர் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார், புதிய ஆள் என்றால் ஒவ்வொரு ஷீட்டாகத் தூக்கிப் பார்ப்பார். செல்ஃப் சைன்டும் இதேதான். 4096 பிட் கீ 4096 பிட் கீதான், நடுவில் உட்கார்ந்து போகிற வருகிறதை ஒட்டுக் கேட்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. இந்தச் சர்வர் உண்மையிலேயே அந்தச் சர்வர்தானா என்று உறுதி சொல்ல மூன்றாவது ஆள் ஒருவர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த உறுதியை நாம் நேரில் போய்ச் சொல்ல முடிந்தால் செல்ஃப் சைன்ட் நல்ல பொருள். சொல்ல முடியாவிட்டால், நம்மைப் போல நடிக்கிற இன்னொருவனும் இதே மாதிரி ஒரு சான்றிதழை ஐந்து நொடியில் உண்டாக்கிக் காட்டலாம், பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மெயிலில் போட்டபோது பாதி வேலை எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்தது. சர்வருக்கும் சர்வருக்கும் இடையே 25ஆம் போர்ட்டில் போகிற மெயிலுக்குப் பெரும்பாலும் யாரும் சான்றிதழைச் சரிபார்ப்பதில்லை, டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம் கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ளும், கிடைக்காவிட்டால் அது இல்லாமலே போகும். அதனால் வெளியிலிருந்து வருகிற மெயில் முதல் நாளிலிருந்தே மறைகுறியாக்கத்தோடு வந்து இறங்கியது. இங்கே ஆர்வக் கோளாறில் 25ஆம் போர்ட்டுக்கும் டிஎல்எஸ் கட்டாயம் என்று வைத்துவிடாதீர்கள், டிஎல்எஸ் பேசத் தெரியாத சர்வரிலிருந்து மெயில் வராமலே போகும். பொதுவில் மெயில் வாங்குகிற சர்வர் அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதற்கான நெறிமுறையிலேயே இருக்கிறது. கட்டாயம் வைக்க வேண்டியது நம் ஆட்கள் பாஸ்வேர்டு போட்டு நுழைகிற இடங்களில்: அனுப்புவதற்கு 587 அல்லது 465, வாங்குவதற்கு 993. போஸ்ட்ஃபிக்ஸில் டிஎல்எஸ் இல்லாமல் பாஸ்வேர்டு வாங்காதே என்று ஒரு அமைப்பு உண்டு, டவ்காட்டில் எஸ்எஸ்எல் கட்டாயம் என்று ஒரு வரி உண்டு, இரண்டையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். இதற்கு முன்னால் நாங்கள் வாடகைக்கு வைத்திருந்த ஒரு ஹோஸ்டிங்கில் 110ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டு வெறுமனே போய்க்கொண்டிருந்தது, வருடக்கணக்காக. அதைப் பார்த்த பிறகு எந்தச் சான்றிதழானாலும் அதற்கு மேல் என்று ஆகிவிட்டது எனக்கு.

டவ்காட்டில் ஒரு சின்னக் குறிப்பு, எனக்கு ஒரு மாலை முழுவதும் போனது இதில். 2.3 வரையுள்ள பதிப்புகளில் சான்றிதழ் கோப்பின் இடத்தைக் குறிப்பிடும்போது அதற்கு முன்னால் ஒரு சிறிய அம்புக்குறி, அதாவது கணக்கில் குறைவு என்று போடுவோமே அந்தக் குறி, இருக்க வேண்டும். கோப்பின் உள்ளே இருப்பதைப் படி என்று அர்த்தம். அதை விட்டுவிட்டால் கோப்பின் பெயரையே சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டு தகராறு செய்யும். அப்புறம் பிரைவேட் கீ கோப்புக்கு உரிமை 600 இருக்க வேண்டும், ரூட் என்ற முதன்மைப் பயனரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் தொடங்கும்போது ரூட்டாகப் படித்துவிட்டுத்தான் இறங்குகின்றன, அதனால் இறுக்கி வைத்தால் வேலை நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். எங்கேயோ படித்ததைப் பார்த்து அந்தக் கோப்பை எல்லோரும் படிக்கலாம் என்று 644ல் விட்டிருந்த ஒரு சர்வரை நான் சரிசெய்து கொடுத்திருக்கிறேன், அதில் ஹோஸ்ட் செய்திருந்த ஒரு பழைய வேர்ட்பிரஸ் வழியாக யார் வேண்டுமானாலும் கீயை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். பிறகு சான்றிதழ் இருந்து என்ன பயன்.

இனி சரிப்பட்டு வராத பாதி. போன்கள்தான். ஐபோனில் ஆப்பிள் ஒரு விதி வைத்திருக்கிறது: 2019 ஜூலை 1க்குப் பிறகு கொடுத்த சர்வர் சான்றிதழ் எதுவும் 825 நாளுக்கு மேல் செல்லுபடியாகும்படி இருக்கக் கூடாது, பெயர் அந்த ஆல்டர்னேடிவ் நேம் பகுதியில் இருக்க வேண்டும். நான் இனி தொந்தரவே வேண்டாம் என்று பத்து வருடத்துக்கு, 3650 நாளுக்கு, போட்டு வைத்திருந்தேன். ஒரு வாடிக்கையாளரின் மகன் ஐபோன் வாங்கி வந்து மெயில் சேர்க்கப் பார்க்கிறார், ஏறவே இல்லை. 800 நாளாகக் குறைத்துப் புதிதாகப் போட்டு, போனில் ப்ரொஃபைலாக ஏற்றி, செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தின் அடிவரை போய் நம்புகிறேன் என்ற சுவிட்சைத் தள்ளிய பிறகுதான் வந்தது. ஒரு போனுக்கு இவ்வளவு வேலை என்றால் அறுபது மெயில் பெட்டிக்கு யோசித்துப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் வேறு விதமான ஆபத்து. சில மெயில் ஆப்களில் எல்லாச் சான்றிதழையும் ஏற்றுக்கொள் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் எச்சரிக்கை போய்விடும், மெயில் வரும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதன் அர்த்தம் எங்கள் சான்றிதழை ஏற்றுக்கொள் என்பதில்லை, யார் எதைக் காட்டினாலும் ஏற்றுக்கொள் என்பது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு நானே அப்படி வைத்துக் கொடுத்திருக்கிறேன், பின்னால் ஒவ்வொருவராகத் தேடிப்போய் மாற்றினேன். ஜிமெயிலுக்குள்ளேயே நம் மெயிலை இழுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களுக்கும் வழி இல்லாமல் போனது, 2012 இறுதியிலேயே அது செல்ஃப் சைன்ட் சர்வரிலிருந்து பாப்3ல் எடுப்பதை நிறுத்திவிட்டது.

கோட்டாறில் இருக்கிற அச்சகத்தில் விண்டோஸ் 7, அதில் பழைய அவுட்லுக். அங்கே சிக்கல் சான்றிதழிலேயே இல்லை. நான் சர்வரில் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் நிறுத்தியிருந்தேன், 2021ல் அவை இரண்டும் அதிகாரபூர்வமாகவே கைவிடப்பட்டவை, அந்தக் கணினிக்கு 1.2 இயல்பாகப் பேச வராது. விண்டோஸுக்கு ஒரு அப்டேட் போட்டு, ரெஜிஸ்ட்ரியில் ஒரு மாற்றமும் செய்து சமாளித்தேன். பிறகு தண்டர்பேர்டுக்கு மாற்றிவிட்டேன், நிம்மதியாகப் போகிறது.

மழையும் இதில் சேர்த்தி. நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்தால் குலசேகரம் பக்கம் கரண்ட் போய் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு முறை இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்து வந்த பிறகு அங்கே ஒரு கடையில் இருந்து போன், மெயில் திறந்தால் புது எச்சரிக்கை வருகிறது என்று. போய்ப் பார்த்தால் கணினியின் மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோய்த் தேதி பத்துப் பன்னிரண்டு வருடம் பின்னால் நிற்கிறது. அந்தத் தேதிக்கு எங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் செல்லாது என்கிறது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தவுடன் போய்விட்டது. இது எந்தச் சான்றிதழுக்கும் வருவதுதான், காசு கொடுத்து வாங்கினதற்கும் வரும். ஆனால் அந்தக் கடையில் கணக்குப் பார்க்கிற அக்கா எனக்குப் போன் செய்வதற்கு முன்னாலேயே மூன்று தடவை எச்சரிக்கையைத் தாண்டிப் போயிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. "எப்பவும் வருமே தம்பி, நீங்கதான ஓகே கொடுக்கச் சொன்னீங்க" என்றார்கள். உண்மைதான், நான்தான் சொன்னேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்ததுதான் என்னை மாற்ற வைத்தது. அதே கடையின் முதலாளி, அறுபது வயதைத் தாண்டியவர், ஷீட் விலை பேசக் கோட்டயம் போனவர் ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறார். ராத்திரி அவருடைய லேப்டாப்பில் வெப்மெயிலைத் திறக்கிறார். சிவப்பு முக்கோணம் போட்ட எச்சரிக்கை. எப்போதும் வருகிறதுதானே என்று அட்வான்ஸ்டு, ப்ரொசீட் என்று நான் சொல்லிக் கொடுத்த அதே வரிசையில் தட்டியிருக்கிறார். வந்து நின்றதோ வேறு ஒரு பக்கம், பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. அவர் மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் போட்டிருக்கிறார், ஏற்கவில்லை, மறுபடி போட்டிருக்கிறார், பிறகு எனக்குப் போன். "மக்களே, உனக்க மெயிலு எனக்க பாஸ்வேர்ட எடுக்க மாட்டேங்கு" என்றார். திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அது லாட்ஜின் வைஃபை நுழைவுப் பக்கம். இணையத்துக்குள் விடும் முன் தன் பக்கத்தைக் காட்டுவதற்காக அந்த வைஃபை பெட்டி எங்கள் சர்வரின் இடத்தில் தானே நின்று, தன் சொந்த செல்ஃப் சைன்ட் சான்றிதழை நீட்டியிருக்கிறது. அவர் எங்கள் சான்றிதழை வீட்டில் ஏற்றுக்கொண்டிருந்தாலும் இது வேறு சான்றிதழ், பிரவுசர் தன் கடமையைச் செய்து எச்சரித்திருக்கிறது, அவர் தாண்டிப் போய் மெயில் பாஸ்வேர்டை ஒரு வைஃபை பெட்டிக்குள் இரண்டு முறை தட்டியிருக்கிறார்.

அதில் யாரும் திருட நினைத்திருக்க மாட்டார்கள், சாதாரண வைஃபை ஏற்பாடு அது. அந்த நிமிடமே அவர் பாஸ்வேர்டை மாற்றினேன், லாக் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அவருடைய மெயிலில் வங்கிக் கணக்கு எண்ணோடு பில் போகிறது, லட்சக்கணக்கில் பணம் வந்து போகிற தொழில். அந்த எச்சரிக்கையைப் பார்த்தால் தாண்டிப் போகலாம் என்று அவர் கைக்குப் பழக்கிவிட்டது நான். செல்ஃப் சைன்டின் உண்மையான விலை இதுதான் என்று எனக்குப் புரிந்தது, மறைகுறியாக்கத்தில் ஒரு குறையும் இல்லை, ஆட்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கிற பழக்கத்தில்தான் எல்லாம் போய்விடுகிறது. எங்கள் எச்சரிக்கையைத் தாண்டப் பழகினவர்கள் நாளைக்கு வங்கியின் பெயரில் வருகிற எச்சரிக்கையையும் அதே வேகத்தில் தாண்டுவார்கள்.

அந்த வாரமே மெயில் சர்வரையும் வெப்மெயிலையும் லெட்ஸ் என்க்ரிப்டுக்கு மாற்றினேன். 90 நாள் சான்றிதழ், தானே புதுப்பித்துக்கொள்ளும். ஒன்று கவனிக்க வேண்டும், புதுச் சான்றிதழ் வந்து கோப்பில் உட்கார்ந்தாலும் டவ்காட்டை ரீலோட் செய்யாவிட்டால் அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும், புதுப்பிக்கிற வேலையோடேயே ரீலோடையும் கட்டிவிடுங்கள். கோப்பைப் பார்த்து நம்பாமல் வெளியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையன்ட் கொண்டு 993ஐயும் 465ஐயும் தொட்டுப் பார்ப்பது நல்லது, சரிபார்ப்பு எண் 0 என்று வந்தால் நல்லது, 18 என்றால் செல்ஃப் சைன்ட், 10 என்றால் காலாவதி. இப்போது அறுபது பெட்டியில் யாருக்கும் எச்சரிக்கை வருவதில்லை. எச்சரிக்கை வந்தால் எதையும் தொடாதே, எனக்குப் போன் செய் என்று எல்லோருக்கும் சொல்ல முடிகிறது, முன்னால் அப்படிச் சொல்லவே முடியாது.

பேனலை மட்டும் ஏன் செல்ஃப் சைன்டிலேயே வைத்திருக்கிறேன் என்றால், அதற்குள் போகிறவர்கள் மொத்தம் நான்கே பேர். நான், என்னிடம் வேலை பார்க்கிற தம்பி, பள்ளி அலுவலகத்தில் ஒருவர், குலசேகரம் அக்கா. அக்கா கடையில் புதிதாக ஆள் சேர்ந்தால் மெயில் பெட்டி அவர்களே உருவாக்கிக்கொள்வார்கள். 8080 போர்ட்டை வெளியுலகத்துக்கு மூடிவிட்டு வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக மட்டும் திறக்கிறேன், எங்கள் வீட்டு இணைப்புகளில் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் ஐபி பார்த்து அனுமதிப்பது சரிப்படவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் கொடுக்கிற சான்றிதழ்கள் டிரான்ஸ்பரன்சி லாக் என்ற பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன, 2018லிருந்து குரோம் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. நல்ல ஏற்பாடு அது. ஆனால் பேனலுக்கு என்று ஒரு பெயர் வைத்துச் சான்றிதழ் வாங்கினால் அந்தப் பெயர் அன்றே உலகத்துக்குத் தெரிந்துவிடும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிற பாட்கள் உடனே வந்து கதவைத் தட்டும். செல்ஃப் சைன்ட் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பெயர் தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நான் சொல்ல வரவில்லை, ஐபியை வைத்து போர்ட் தேடுகிறவன் எப்படியும் தேடுவான், அதனால்தான் வயர்கார்டு. இருந்தாலும் தேவையில்லாமல் விளம்பரப்படுத்த வேண்டாமே.

நான்கு பேர் என்பதால் அந்த உறுதியை நேரில் கொடுக்க முடிகிறது. சான்றிதழின் எஸ்எச்ஏ-256 கைரேகையை, அதாவது அந்தச் சான்றிதழுக்கே உரிய எழுத்து வரிசையை, எடுத்து, இரண்டு இரண்டு எழுத்தாக 32 ஜோடி வரும், அதை ஒரு வரிக்கு எட்டு ஜோடி என்று நான்கு வரியாகப் பெரிய எழுத்தில் பிரின்ட் போட்டு, லேமினேட் செய்து ஒவ்வொருவருக்கும் கையில் கொடுத்தேன். வாட்ஸாப்பில் அனுப்பவில்லை, மெயிலில் அனுப்பவே இல்லை, அந்த மெயிலைக் காப்பதற்குத்தானே இந்த ஏற்பாடு. அக்காவோடு உட்கார்ந்து ஃபயர்பாக்ஸில் எச்சரிக்கைப் பக்கத்திலிருந்து சான்றிதழைப் பார்க்கும் இடத்துக்கு எப்படிப் போவது, கைரேகை எங்கே இருக்கிறது, அட்டையோடு ஒவ்வொரு ஜோடியாக எப்படி ஒப்பிடுவது என்று இரண்டு முறை செய்து காட்டினேன். ஒரு எழுத்து மாறினாலும் மூடிவிட வேண்டும் என்றேன். அக்கா அட்டையை மேசை டிராயருக்குள் ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு முறை ஒத்துப்பார்த்து ஏற்றுக்கொண்டால் ஃபயர்பாக்ஸ் நினைவில் வைத்துக்கொள்ளும், அதன் பிறகு எச்சரிக்கை வந்தால் சான்றிதழ் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

இதே தொழிலில் இருப்பவர்களுக்கு ஐஎஸ்பிகான்ஃபிக் பேனலைத் தாராளமாகச் சொல்வேன், லினக்ஸில் ஓரளவு கை பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அலுவலகத்துக்குள் மட்டும் ஓடுகிற சர்வர், பெயர் வெளியில் தெரியாத சர்வர், நான்கைந்து பேர் மட்டும் தொடுகிற பேனல், இதற்கெல்லாம் செல்ஃப் சைன்ட் போடுங்கள், 800 நாளுக்குள், ஆல்டர்னேடிவ் நேமோடு, கைரேகையைக் கையில் கொடுத்து. கடைக்காரர்களும் பள்ளிக்கூடமும் போனில் பார்க்கிற மெயிலுக்குப் போடாதீர்கள், தயவுசெய்து.

போன மாதம் பேனலின் சான்றிதழ் முடியப் போகிறது என்று ஒரு ராத்திரி புதுப்பித்தேன். மறுநாள் புது அட்டை கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன், காலையில் அச்சகத்தில் வேறு வேலை, மறந்துபோனது. பத்தரை மணிக்கு அக்காவின் போன். "தம்பி, புதுப் பையனுக்கு மெயிலு போடணும்னு திறந்தேன், அந்த எச்சரிக்க வந்திருக்கு. அட்டைய எடுத்து வெச்சுப் பாத்தேன், முதல் வரியே வேற." எதையாவது தட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை, மூடிவிட்டேன் என்றார்கள். நான் நேற்று ராத்திரி மாற்றியதுதான் அக்கா, பயப்பட ஒன்றுமில்லை, இப்போதைக்குப் போனிலேயே புது எழுத்துகளைப் படிக்கட்டுமா என்றேன். "வேண்டாம் தம்பி, போன்ல பேசுறது நீங்கதான்னு எனக்குத் தெரியும், ஆனா நீங்களே கையில கொண்டு தந்தாதான் நம்பணும்னு சொல்லியிருக்கீங்க. சாயங்காலம் வாங்க, பையன் நாளைக்கு மெயிலு அனுப்பட்டும்" என்றார்கள். நான்கு மணிக்கு அட்டையை லேமினேட் செய்து வாங்கிக்கொண்டு தக்கலை வழியாக வண்டியை விட்டேன், குலசேகரம் போய்ச் சேரும்போது நல்ல மழை. அக்கா அட்டையை வாங்கித் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து 32 ஜோடியையும் வாய்விட்டுப் படித்து ஒத்துப்பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொள்கிறேன் என்பதைத் தட்டினார்கள்.